குழந்தையின் கையசைவை வீடியோவும் செயற்கை நுண்ணறிவும் எப்படி அளக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கான இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். வீடியோவை வைத்துக் கையசைவை அளக்கும் மென்பொருள்கள் புழக்கத்துக்கு வந்ததிலிருந்து பெற்றோர், சிறப்பாசிரியர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிகிச்சையாளர்கள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதத்தால் ஒரு பக்கக் கை பாதிக்கப்பட்ட குழந்தைகளை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறேன். மற்றக் குழந்தைகளுக்கு மாறும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

வீடியோ எடுத்துக் கொடுத்தால் கணினி அதில் என்னதான் பார்க்கிறது?

வீடியோ என்பது வினாடிக்கு 30 அல்லது 60 படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்திலும் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு எங்கே இருக்கின்றன என்று கணித்து மென்பொருள் புள்ளி வைக்கிறது. மனிதர்கள் உட்கார்ந்து மூட்டுகளைக் குறித்துக் கொடுத்த ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியதால் அதற்கு இது முடிகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்போஸ், கூகுளின் மீடியாபைப் ஆகியவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்தவை.

புள்ளிகள் கிடைத்த பிறகு நடப்பது பள்ளிக்கூட வடிவியல்தான். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றையும் இணைத்தால் முழங்கை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற கோணம் கிடைக்கும். அடுத்தடுத்த படங்களில் மணிக்கட்டு நகர்ந்த தூரத்திலிருந்து வேகம் கிடைக்கும். சில மென்பொருள்கள் இதோடு நிற்பதில்லை. தேர்ந்த சிகிச்சையாளர்கள் மதிப்பெண் போட்ட பழைய வீடியோக்களிலிருந்து கற்றுக்கொண்டு, உங்கள் குழந்தைக்கும் ஒரு மதிப்பெண் சொல்கின்றன. கோணத்தை அளப்பது ஒரு வேலை, மதிப்பெண் போடுவது வேறு வேலை. முதலாவதில் நம்பத் தகுந்த ஒரு மென்பொருள் இரண்டாவதிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, வீடியோ எதற்கு?

பிடித்துப் பார்த்தால் மட்டுமே தெரிபவை உண்டு. தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, உள்ளங்கையில் வைத்த பொருளைப் பார்க்காமல் அடையாளம் காண முடிகிறதா என்பதையெல்லாம் எந்தக் கேமராவும் சொல்லாது. பிரசவத்தின்போது தோள்பட்டை நரம்புப் பின்னலில் காயம்பட்ட குழந்தைகளுக்கு டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் உருவான ஓர் அளவுகோல் இருக்கிறது. 15 அசைவுகளுக்கு 0 முதல் 7 வரை மதிப்பெண் தருவார்கள். அதில் 1 என்றால், கை அசையவில்லை, ஆனால் தசை சுருங்குகிறது என்று பொருள். நரம்பு பிழைத்திருக்கிறது என்பதற்கு அது பெரிய செய்தி. விரல் வைத்துத் தொட்டுப் பார்ப்பவருக்கு அது தெரியும். அசைவை மட்டுமே பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது.

ஆனால் ஓடும் அசைவை ஒரே பார்வையில் எடைபோட மனிதக் கண்ணால் முடியாது. செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே இந்தத் துறையின் முக்கியமான சோதனைகள் வீடியோவை நம்பித்தான் அமைந்தன. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மதிப்பீட்டில் இரண்டரை வயது முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகள் 14 செயல்களைச் செய்வார்கள். அதைப் படம்பிடித்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, அசைவின் வீச்சு, துல்லியம், விரல் லாவகம், சீரான ஓட்டம் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போடுவார்கள். ஸ்வீடனில் உருவான 'உதவும் கை' மதிப்பீடும் இப்படித்தான்: குழந்தை விளையாடுவதைப் படம்பிடித்து 20 அம்சங்களுக்கு மதிப்பெண் தர வேண்டும். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், பொறுமையும் நேரமும் வேண்டும். கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் கிடைக்காத பொருள் அந்த நேரம்தான். கணினியை நாங்கள் தேடுவதற்கு முதல் காரணம் அது.

உடம்பில் ஏதாவது ஒட்டுவார்களா? வலிக்குமா?

செல்போன் வீடியோவில் எதையும் ஒட்டுவதில்லை. நடை ஆய்வுக்கூடங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டைகளை மூட்டுகளில் ஒட்டி, சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள் வைத்து அளப்பார்கள். அதன் துல்லியம் மிக உயர்வு, செலவும் அப்படியே. அதிலும் வலி கிடையாது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை அந்த உருண்டைகளைப் பிய்த்து வாயில் போடாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் என் செல்போனில் எடுத்தால் போதுமா? எப்படி எடுக்க வேண்டும்?

போதும். ஆனால் எடுக்கும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது, அதனால் இதை நீளமாகவே சொல்கிறேன். குழந்தையின் பாதம் தரையில் படும்படியான நாற்காலி, முழங்கை உயரத்துக்கு மேசை. போனைக் கையில் பிடிக்காமல் முக்காலியிலோ அடுக்கிய புத்தகங்கள் மேலோ குழந்தையின் நெஞ்சு உயரத்தில் நிறுத்துங்கள். தலை முதல் இடுப்பு வரை முழுவதும் படத்துக்குள் இருக்க வேண்டும், கையை நீட்டும்போது விரல்நுனி வெளியே போகக் கூடாது. ஒரு முறை நேர் எதிரிலிருந்து, ஒரு முறை பாதிக்கப்பட்ட கையின் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். வெளிச்சம் குழந்தையின் மேல் விழட்டும்; ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்தால் உருவம் கருநிழலாகிவிடும். வினாடிக்கு 60 படங்கள் எடுக்கும் வசதி போனில் இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், வேகமான அசைவு மங்கலாகாது.

கையில்லாத பனியன் போட்டுவிடுங்கள். தொளதொள சட்டைக்குள் முழங்கை எங்கே இருக்கிறது என்று மென்பொருள் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். அம்மாவோ பாட்டியோ பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்தால், சில நொடிகளில் மணிக்கட்டுப் புள்ளி குழந்தையின் கையிலிருந்து பாட்டியின் கைக்குத் தாவிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். திரையில் பார்த்தால் உடனே தெரியும், எண்ணை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. இன்னொன்று, செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள். சில போன்கள் அதில் இடம் வலம் மாற்றிப் பதிவு செய்யும். இடது கை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு வலது கை அறிக்கை வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அடுத்த முறையும் இதே மாதிரி எடுப்பது. நாற்காலியின் கால்களும் போனும் இருக்கும் இடத்தைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவைத்துவிட்டால் மூன்று மாதம் கழித்து எடுக்கும் வீடியோவையும் இதையும் ஒப்பிட முடியும்.

கேமராவைக் கண்டாலே என் மகன் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்கிறான், என்ன செய்வது?

கட்டளை போடாதீர்கள். "கையைத் தூக்கு" என்று சொன்னால் வரும் அசைவும், உண்மையாகவே விரும்பி எட்டும்போது வரும் அசைவும் ஒன்றல்ல. பிடித்த வண்டியை மேசையில் வையுங்கள், சோப்பு நுரைக் குமிழ்களை ஊதி உடைக்கச் சொல்லுங்கள், முறுக்கு டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீடியோவை ஓடவிட்டு நீங்கள் அதை மறந்துவிட்டால் அவனும் மறந்துவிடுவான். பசி, தூக்கம், காய்ச்சல் இருக்கும் நாளில் எடுக்கவே வேண்டாம்.

அறிக்கையில் நிறைய எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

மென்பொருளுக்கு மென்பொருள் மாறினாலும் நான்கு எண்கள் பெரும்பாலும் இருக்கும். முழங்கை எத்தனை டிகிரி நீண்டது, தோள் எவ்வளவு உயர்ந்தது, பொருளை எட்ட எவ்வளவு நேரம் ஆனது, அசைவு எவ்வளவு சீராக ஓடியது. முதல் மூன்றும் கேட்டவுடன் புரியும். நான்காவதுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. நல்ல கை ஒரு பொருளை எட்டும்போது வேகம் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கும். கட்டுப்பாடு குறைந்த கை ஏறி இறங்கி, நின்று, திருத்தி, மறுபடி ஏறும். இந்தத் தடுமாற்றத்தை எண்ணாக்குவதற்குப் பல சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் உலகெங்கும் பயன்படும் ஸ்பார்க் என்ற அளவை உருவாக்கியவர்களில் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சிவகுமார் பாலசுப்ரமணியன். நம் ஊரில் இருப்பவரின் வேலை இது என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

சீரான ஓட்டத்தை வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எந்தப் பாதிப்பும் இல்லாத சின்னக் குழந்தையின் கைகூடத் தடுமாறித்தான் பொருளை எட்டும். வளர வளரத்தான் அது சீராகும். நான்கு வயதுக் குழந்தையின் எண்ணைப் பெரியவர்களின் எண்ணோடு ஒப்பிடும் அறிக்கை வந்தால் அதைத் திருப்பிக் கேள்வி கேளுங்கள்.

மேடம், பொம்மையை எட்டி எடுத்துவிட்டாளே, பிறகு ஏன் மதிப்பெண் குறைகிறது?

எடுத்தாள் என்பது உண்மை. எப்படி எடுத்தாள் என்று வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முழங்கை மடங்கியே இருக்கும். அதற்கு ஈடாக இடுப்பிலிருந்து முதுகு மொத்தமும் முன்னால் சாயும், தோள் காதை நோக்கி ஏறும், தலை எதிர்ப்பக்கம் சரியும். கை செய்ய வேண்டிய வேலையை உடம்பு செய்து கொடுத்திருக்கிறது. பொம்மை கையில் வந்த சந்தோஷத்தில் நம் கண் இதைக் கவனிக்காது. தோள் புள்ளியும் இடுப்புப் புள்ளியும் எவ்வளவு நகர்ந்தன என்று கணினி சென்டிமீட்டரில் காட்டிவிடும். வீடியோ அளவீடு எங்களுக்கு அதிகம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

இதைக் குற்றமாகக் குழந்தையிடம் சொல்லிவிடாதீர்கள். வழி கண்டுபிடித்திருக்கிறாள், அது புத்திசாலித்தனம். சிகிச்சையில் நாங்கள் செய்வது, உடம்பு சாயத் தேவையில்லாத தூரத்தில் பொருளை வைத்து முழங்கையை நீட்டவைப்பது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைப்பது. எந்தத் தூரத்தில் உடம்பு சாயத் தொடங்குகிறது என்று வீடியோ சொன்னால், பயிற்சியை எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

விரல்களையும் உள்ளங்கை திரும்புவதையும் சரியாகக் கண்டுபிடிக்குமா?

இதில்தான் இப்போதைய மென்பொருள்கள் அதிகம் தடுமாறுகின்றன. கோயிலில் திருநீறு வாங்கும்போது உள்ளங்கையை மேலே திருப்பி நீட்டுகிறோம். முன்கை தன் அச்சிலேயே சுழலும் அந்த அசைவு, ஒரு பக்கக் கை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலருக்கு மிகக் கடினம். திருநீறு தரும்போது உள்ளங்கை பக்கவாட்டிலேயே நின்றுவிடும், தூள் விரலிடுக்கில் வழிந்துவிடும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை மென்பொருள் உடம்பு முழுவதற்கும் 17 புள்ளிகள்தான் வைக்கிறது. அதில் முழங்கைக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று, விரலுக்குப் புள்ளியே இல்லை. இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டை அதன் அச்சில் எத்தனை முறை சுழற்றினாலும் கோடு மாறாது. அதனால் உள்ளங்கை திரும்பியதா இல்லையா என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

கைக்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு. மீடியாபைப் ஒரு கைக்கு 21 புள்ளிகள் வைக்கிறது. கை கேமராவுக்கு அருகில், வெளிச்சத்தில், விரித்து இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தாலோ, பொருளைப் பிடித்திருப்பதால் விரல்கள் மறைந்திருந்தாலோ புள்ளிகள் ஊகத்தில் நிற்கும். நாம் பார்க்க விரும்பும் கைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. விரல் அசைவுக்கு இன்னும் சில காலம் சிகிச்சையாளரின் கண்ணையே நம்புங்கள்.

போன முறை முழங்கை 118 டிகிரி, இந்த முறை 124. முன்னேற்றம்தானே?

இருக்கலாம். இந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். கோணமானியை வைத்து இரண்டு பேர் ஒரே கையை அளந்தாலே ஐந்து டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். ஒற்றைக் கேமராவில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கை கேமராவை நோக்கிச் சாய்ந்தால் படத்தில் குட்டையாகத் தெரியும். 20 சென்டிமீட்டர் முன்கை கேமரா பக்கம் 30 டிகிரி சாய்ந்தால் படத்தில் சுமார் 17 சென்டிமீட்டராகத்தான் இருக்கும், கோணமும் அதற்கேற்பப் பிசகும். நாற்காலியை லேசாகத் திருப்பிப் போட்டதால்கூட ஆறு டிகிரி வந்திருக்கலாம்.

ஒரே நாளில் ஒரே செயலை ஐந்தாறு முறை செய்ய வைத்து எடுங்கள். அந்த ஐந்தாறு எண்களுக்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அதைத் தாண்டி அடுத்த முறை நகர்ந்திருந்தால் மகிழ்ச்சியடையலாம்.

இரண்டு செயலிகளில் போட்டேன். ஒன்று 'மிதமான பாதிப்பு' என்கிறது, இன்னொன்று 'லேசான பாதிப்பு' என்கிறது. எது சரி?

இரண்டும் கோணத்தை ஏறக்குறைய ஒரே மாதிரி அளந்திருக்கும். பெயர் சூட்டியதில்தான் வேறுபாடு. முதல் பதிலில் சொன்ன இரண்டாவது வேலை அது. எந்த மருத்துவமனையில், எந்த வயதுக் குழந்தைகளின் வீடியோவில், யார் போட்ட மதிப்பெண்ணிலிருந்து அந்த மென்பொருள் கற்றது என்பதைப் பொறுத்து எல்லைக்கோடு மாறும். செயலியை உருவாக்கியவர்களிடம் இதைக் கேளுங்கள். பதில் சொல்லாதவர்களின் 'லேசான', 'மிதமான' என்ற சொற்களைப் பொருட்படுத்தாதீர்கள். பெயரை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் குழந்தையின் பயிற்சியில் எதுவும் மாறப்போவதில்லை.

இவையெல்லாம் பெரியவர்களைப் பார்த்துப் பழகியவை என்கிறார்களே, குழந்தைக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். பொதுவான மென்பொருள்கள் கற்ற படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். குழந்தையின் தலை பெரிது, கை குட்டை, கழுத்து தெரிவதே இல்லை. படுத்திருக்கும் கைக்குழந்தையில் தோளும் இடுப்பும் இடம் மாறிக் காட்டப்படுவது உண்டு. ஐந்தாறு வயதுக்கு மேல் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைகிறது. கைக்குழந்தைகளுக்கென்றே தனியாகப் பயிற்றுவித்த மென்பொருள்கள் இருப்பதற்குக் காரணமும் இதுதான். நல்ல செயலி, புள்ளிகளை வீடியோ மேலேயே வரைந்து காட்டும். காட்டாத செயலியை நான் பயன்படுத்துவதில்லை. முழங்கைப் புள்ளி முழங்கையில்தான் நிற்கிறதா என்று பார்க்க மருத்துவப் படிப்பு தேவையில்லை, நீங்களே பார்க்கலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை. மூளை முடக்குவாதம் வருமா என்று வீடியோவைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடுமாமே?

இதற்கு ஆதாரம் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த மருத்துவர் ஹெய்ன்ஸ் பிரெக்டல் வகுத்த முறை ஒன்று பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்டு மூன்று முதல் ஐந்து மாத வயதில், மல்லாந்து படுத்து விழித்திருக்கும் குழந்தையிடம் சின்னச் சின்ன, இடைவிடாத நெளிவுகள் கை கால் கழுத்தெங்கும் தெரியும். அவை இல்லாவிட்டால் எச்சரிக்கை. பயிற்சி பெற்ற கண்ணுக்கு மட்டுமே அது பிடிபடும், அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இல்லை.

இதைக் கணினியிடம் ஒப்படைத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. நார்வே, பெல்ஜியம், அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் 13 மருத்துவமனைகளில், பாதிப்பு வர வாய்ப்பு அதிகம் உள்ள 557 குழந்தைகளின் வீடியோக்கள். மென்பொருள் முன்பு பார்த்திராத 139 குழந்தைகளில் சோதித்தபோது, பின்னாளில் மூளை முடக்குவாதம் உறுதியான 21 பேரில் 15 பேரைச் சரியாகச் சொன்னது, 6 பேரைத் தவறவிட்டது. பாதிப்பு வராத 118 பேரில் 111 பேரைச் சரியாக ஒதுக்கியது, 7 பேர் மீது வீணாகச் சந்தேகப்பட்டது. அந்த ஆறையும் ஏழையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். 'இல்லை' என்று வந்தாலும் பரிசோதனைகளை விடக் கூடாது. 'ஆம்' என்று வந்தால் இடிந்துபோகவும் கூடாது, பயிற்சியைச் சீக்கிரம் தொடங்க அது ஒரு வாய்ப்பு.

வீடியோவில் அழகாகச் செய்கிறான், வீட்டில் அந்தக் கையைத் தொடுவதே இல்லை. எதை நம்புவது?

இரண்டையும். இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நான் நிமிர்ந்து உட்காருவேன். செய்ய முடிவது ஒன்று, அன்றாடம் செய்வது இன்னொன்று. மெல்பர்ன் மதிப்பீடு முதலாவதைப் பார்க்கிறது. 'உதவும் கை' மதிப்பீடு, இரண்டு கையும் தேவைப்படும் விளையாட்டில் அந்தக் கை தானாக முன்வருகிறதா என்று பார்க்கிறது. மேசை முன்னால் உட்கார வைத்துப் பொருளை எட்டச் சொல்லும் வீடியோவுக்கு முதலாவதுதான் தெரியும், அதை எவ்வளவு கூர்மையாக அளந்தாலும்.

வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. டப்பாவின் மூடியைத் திறக்கும்போது எந்தக் கை பிடிக்கிறது, சட்டைப் பொத்தான் போடும்போது பாதிக்கப்பட்ட கை துணியை இழுத்துப் பிடிக்கிறதா, சப்பாத்தியைப் பிய்க்க இரண்டு கையும் வருகிறதா என்று எழுதிவையுங்கள். முடிந்தும் செய்யவில்லை என்றால் சிகிச்சையின் திசையே மாறும். அப்போது தசைப் பயிற்சியைவிட, அந்தக் கை இல்லாமல் முடியாத வேலைகளை அன்றாடத்தில் புகுத்துவது பலன் தரும்.

வீடியோ யாரிடம் போகிறது? இணையத்தில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரியே, பனியனோடு இருக்கும் குழந்தையின் வீடியோ அது. போனுக்குள்ளேயே கணக்குப் போட்டு எண்களை மட்டும் அனுப்பும் செயலிகளும் உண்டு, வீடியோவையே வெளி சர்வருக்கு அனுப்புபவையும் உண்டு. எது என்று கேளுங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தையாகவே கருதுகிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதும், மென்பொருளைப் பயிற்றுவிக்க வீடியோவைத் தருவதும் இரண்டு தனி ஒப்புதல்கள். இரண்டாவதற்கு மறுத்தால் சிகிச்சை நிற்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டுக் கருத்துக் கேட்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எங்கள் ஊரில் சிகிச்சையாளரே இல்லை. செயலியை வைத்துச் சமாளிக்கலாமா?

செயலி அளக்கும், சிகிச்சை தராது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவில் இயங்குகின்றன. மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். பள்ளி வயதுக் குழந்தை என்றால் வட்டார வள மையத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வரும் நாளை விசாரியுங்கள். தொலைவு காரணமாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் போக முடியும் என்றால், இடையில் எடுக்கும் வீடியோக்கள் அந்தச் சிகிச்சையாளருக்குப் பெரிய உதவி. பஸ்ஸில் நான்கு மணி நேரம் வந்த களைப்பில் குழந்தை செய்வதைவிட, வீட்டில் செய்ததைப் பார்ப்பதையே நானும் விரும்புகிறேன்.

போட்டாக்ஸ் ஊசியா, அறுவைச் சிகிச்சையா என்பதை இந்த எண்களை வைத்து முடிவு செய்வார்களா?

இந்த எண்களை மட்டும் வைத்துச் செய்யக் கூடாது. போட்டாக்ஸ் என்பது இறுகிய தசையைத் தளர்த்தும் ஊசி. முழங்கை நீளவில்லை என்று கணினி சொல்லும். இறுக்கத்தாலா, தசை குறுகிவிட்டதாலா, எதிர்த் தசைக்கு வலு இல்லாததாலா என்பதைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் காரணத்துக்கு ஊசி உதவலாம், இரண்டாவதற்கு உதவாது. ஆனால் ஊசிக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி எடுத்த வீடியோக்கள், செலவழித்த பணத்துக்கும் குழந்தை பட்ட வலிக்கும் பலன் கிடைத்ததா என்று நேர்மையாகச் சொல்லிவிடும்.

நரம்புப் பின்னல் காயம்பட்ட கைக்குழந்தையின் நிலை வேறு. ஒரு மாதத்துக்குள் கை முழுமையாகத் திரும்பவில்லை என்றால் உடனே சிறப்பு மையத்துக்குப் போக வேண்டும். நரம்பு அறுவைச் சிகிச்சைக்கு ஏற்ற காலம் முதல் சில மாதங்கள்தான். அடுத்த வீடியோவில் கோணம் கூடுகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்தக் காலம் போய்விடும்.

கணினி 'முன்னேற்றம்' என்கிறது, எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரிடம் சொல்வது?

சிகிச்சையாளரிடம், தயங்காமல். 'தோன்றவில்லை' என்பதோடு நிறுத்தாமல் எந்த வேலையில் தோன்றவில்லை என்று சொல்லுங்கள். தலை சீவும்போதா, சைக்கிள் பிடிக்கும்போதா, சாப்பிடும்போதா? அந்த வேலையையே ஒரு நிமிடம் படம்பிடித்துக் கொண்டுவாருங்கள். மேசையில் எடுத்த வீடியோவையும் அதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்போம். மேசையில் கை நீள்கிறது, தலை சீவும்போது நீளவில்லை என்றால், தோளுக்கு மேலே தூக்கும்போது வலு போதவில்லை என்று பொருளாக இருக்கலாம். அடுத்த மாதப் பயிற்சியை அங்கிருந்து எழுதுவோம்.